வீட்டுத் தோட்டத்திற்கு ஃபிரா, ஸ்புரூஸா?

கிறிஸ்மஸ் வாழ்த்து அட்டை வரையாத மாணவி எங்கள் பள்ளியில் இருக்க முடியாது. டிசம்பர் பிறந்துவிட்டால் போதும். ஒரு நட்சத்திரம், ஒரு குடில், மூன்று அரசர்கள், அவற்றுக்குப் பக்கத்தில் அடுக்கடுக்காய்க் கூம்பிய ஒரு பச்சை மரம். அது என்ன மரம் என்று கேட்டுப் பாருங்கள். "கிறிஸ்மஸ் மரம்" என்றே பதில் வரும். வேப்ப மரத்தைக் காட்டி "இது நிழல் மரம்" என்று சொல்வதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? குளிர் நாட்டுப் படங்களில் நாம் காணும் அந்த மரம் பெரும்பாலும் ஃபிர் மரமாக இருக்கும், இல்லையேல் ஸ்புரூஸ் மரமாக இருக்கும். இரண்டும் பைன் குடும்பத்து ஊசியிலை மரங்கள். அக்காள் தங்கை போல முகச்சாயல் ஒன்று. குணம் மட்டும் வேறு வேறு.

இவற்றை ஆராயும் அவசியம் இவ்வாண்டு எங்கள் வகுப்புக்கு வந்து சேர்ந்தது. எங்கள் தோழி ஒருத்தியின் சித்தி கனடாவில், டொரன்டோ நகருக்கு அருகே குடும்பத்தோடு வசிக்கிறார்கள். புதிதாக வாங்கிய வீட்டின் முன்னும் பின்னும் கொஞ்சம் நிலம் இருக்கிறதாம். "கிறிஸ்மஸ் மரம் ஒன்று நட வேண்டும் என்று பிள்ளைகள் துடிக்கிறார்கள். கடைக்காரர் ஃபிர் என்கிறார், ஸ்புரூஸ் என்கிறார். படிக்கிற பிள்ளைகள்தானே, நீங்களே பார்த்துச் சொல்லுங்களேன்" என்று எழுதியிருந்தார்கள். இந்தக் கேள்வி பத்தாம் வகுப்பை இரு கட்சியாகப் பிரித்துவிட்டது! நூலகத்தைப் புரட்டினோம், உயிரியல் ஆசிரியையை மதிய உணவு வேளையிலும் விடவில்லை. முடிவில் எங்களில் பெரும்பாலோர் ஃபிர் கட்சியில் சேர்ந்தோம். அதன் காரணங்களைச் சொல்லவே இக்கட்டுரை. எதிர்க்கட்சியின் நியாயங்களையும் மறைக்க மாட்டோம்.

முதலில் அடையாளம் தெரிய வேண்டும் அல்லவா? ஊசி போன்ற ஓர் இலையைக் கிள்ளிக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து உருட்ட வேண்டும். ஸ்புரூஸ் இலை நான்கு பட்டை உடையது, விரலிடையே உருளும். ஃபிர் இலை தட்டையானது, உருளாது, வழுக்கும். (செர்பிய ஸ்புரூஸ் போன்ற சில இந்த விதிக்கு அடங்காமல் தட்டை இலை வைத்திருக்கின்றன. விலக்கில்லாத விதி இலக்கணத்தில் மட்டுமா இல்லை?) இலை உதிர்ந்த பழைய கிளையைத் தடவிப் பார்த்தால் ஐயம் முற்றும் நீங்கும். ஸ்புரூஸின் ஒவ்வோர் இலையும் ஒரு சிறு முளையின் மேல் அமர்ந்திருக்கும். இலை போனாலும் முளை போகாது. ஆகவே கிளை அரம் போலச் சொரசொரக்கும். ஃபிர் கிளையில் வட்டமான தழும்பு மட்டுமே மிஞ்சும்; தடவினால் வழவழப்பு.

காய்களைப் பார்த்தாலோ தூரத்திலிருந்தே சொல்லிவிடலாம். ஸ்புரூஸின் கூம்புக் காய் கிளையிலிருந்து ஜிமிக்கி போலத் தொங்கும். விதை உதிர்ந்தபின் முழுதாகக் கீழே விழும். ஃபிரின் காய் பீடத்து மெழுகுவர்த்தி போலக் கிளைமேல் நிமிர்ந்து நிற்கும். முதிர்ந்ததும் அது மரத்திலேயே செதில் செதிலாகப் பிரிந்து உதிர்ந்துவிடும். நடுக் குச்சி ஒன்றுதான் மீந்து நிற்கும். இந்தச் சிறிய செய்தியைத் தோழியர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இதனால் மனிதர் சிலருக்கு நேரும் துன்பத்தைப் பின்னால் சொல்லப் போகிறோம்.

பெயர் சூட்டிய பெரியோரே இவ்விரண்டிலும் நமக்குக் குழப்பத்தை விட்டுச் சென்றிருக்கிறார்கள். தாவரங்களுக்கெல்லாம் இரட்டைப் பெயர் தந்த லின்னேயஸ் 1753-இல் நார்வே ஸ்புரூஸுக்கு 'அபிஸ்' என்றும், வெள்ளி ஃபிருக்கு 'பைசியா' என்றும் பெயர் வைத்தார். பின்வந்தவர்களோ ஃபிர் இனத்துக்கு அபிஸ் என்றும், ஸ்புரூஸ் இனத்துக்கு பைசியா என்றும் மாற்றி நிலைநாட்டினார்கள். அதனால் நார்வே ஸ்புரூஸின் இன்றைய அறிவியல் பெயர் 'பைசியா அபிஸ்'. தங்கையின் பெயரோடு அக்காள் பெயரையும் ஒட்டவைத்த கதைதான்!

இம்மரங்களைக் கண்ணால் காணாவிட்டாலும், நம் போன்ற பள்ளிகளுக்கு இவை முற்றிலும் அந்நியம் அல்ல. உயிரியல் ஆய்வகத்தின் பழைய நிலைக் கண்ணாடித் தகடுகளில் வெங்காயத் தோலையும் ஈயின் இறகையும் ஒட்டி வைத்திருக்கும் 'கனடா பால்சம்', பால்சம் ஃபிர் மரத்துப் பட்டைக் கொப்புளங்களிலிருந்து எடுக்கும் பிசின். பியானோவின் கம்பிகளுக்குப் பின்னால் இருந்து ஒலியைப் பெருக்கும் பலகையோ பெரும்பாலும் ஸ்புரூஸ். வயலினின் மேற்பலகையும் அதுவே. இத்தாலியின் ஸ்திராடிவாரி செய்த புகழ்பெற்ற வயலின்களும் ஸ்புரூஸ் முகம் கொண்டவையே. ஆக, ஆய்வகம் எங்கள் கட்சி, இசையறை எதிர்க்கட்சி!

இனி தோட்டத்துக்கு வருவோம். கடையில் தொட்டியில் நிற்கும்போது இரண்டும் முழங்கால் உயரம்தான். அந்த அழகில் மயங்கி வாசற்படிக்கு நான்கு அடி தள்ளி நட்டுவிடுகிறார்கள். நார்வே ஸ்புரூஸ் 30 மீட்டருக்கு மேல் வளரக் கூடியது. வெள்ளி ஃபிரும் அதற்குச் சளைத்ததல்ல. கனடாவில் பலர் விரும்பி நடும் நீல ஸ்புரூஸ் தோட்டத்திலேயே 15 மீட்டருக்கு மேல் உயர்ந்து, அடியில் 5 அல்லது 6 மீட்டர் அகலம் விரியும். 6 மீட்டர் என்றால் எங்கள் வகுப்பறையின் அகலம்! சன்னல் இருண்டு போகும், நடைபாதை மறையும், மின்கம்பியில் முட்டும்.

"பெரிதானால் வெட்டிவிட்டால் போயிற்று" என்று நம் ஊர்க்காரர் எவரும் சொல்வார்கள். முருங்கையை மொட்டையாக வெட்டினாலும் பத்தே நாளில் துளிர்க்கிறது. பூவரசங்கொம்பை வேலியில் ஊன்றினால் அதுவும் மரமாகிவிடுகிறது. வேம்பும் புங்கமும் எந்த இடத்தில் வெட்டினாலும் மீண்டும் தழைக்கின்றன. இந்தப் பழக்கத்தை மனத்தில் கொண்டு ஃபிரையோ ஸ்புரூஸையோ வெட்டப் போனால் ஏமாற்றமே மிஞ்சும். இலையற்ற பழங்கிளை வரை வெட்டினால் அங்கே மறுபடி துளிர் வராது. பொத்தல் பொத்தலாகவே நிற்கும். உச்சிக் குருத்தை வெட்டினால் கூம்பு வடிவம் கெட்டு, பக்கக் கிளைகள் இரண்டு மூன்று போட்டியிட்டு மேலே கிளம்பும். ஆகவே நடுகிற அன்றே, முப்பது ஆண்டு கழித்து அது எப்படி நிற்கும் என்று எண்ணிப் பார்த்தே இடம் தேட வேண்டும். இதில் இரண்டு மரத்துக்கும் பாகுபாடு இல்லை.

பாகுபாடு தொடங்குவது வீட்டில் குழந்தைகள் இருக்கும்போது. நீல ஸ்புரூஸின் இலை முள். பந்து உள்ளே போனால் அழுதுகொண்டேதான் எடுக்க வேண்டும். ஃபிரின் இலை மென்மையானது, நுனி மழுங்கியது. பால்சம் ஃபிரின் இலையைக் கசக்கினால் நறுமணம். கனடாவின் வெள்ளை ஸ்புரூஸ் இலையைக் கசக்கினால் என்ன வாடை தெரியுமா? அந்த நாட்டார் அதற்குப் 'பூனை ஸ்புரூஸ்' என்று பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். மேற்கொண்டு விளக்குவது ஆண்டு மலருக்கு அழகல்ல. நிழலைத் தாங்குவதிலும் ஃபிரே முந்தும். வீட்டு நிழல் விழும் வடக்குப் பக்கத்தில் ஸ்புரூஸ் இளைத்துக் கிளை மெலிந்து போக, ஃபிர் பொறுமையாக வளரும்.

நீல ஸ்புரூஸின்மேல் எங்களுக்கு ஒரு தனிக் கோபம் உண்டு. அதன் வெள்ளி நீல நிறத்தைக் கண்டவர் வேறு எதையும் பார்ப்பதில்லை. அது அமெரிக்காவின் ராக்கி மலையில், ஈரம் குறைந்த காற்றில் பிறந்த மரம். ஈரக்காற்று நிறைந்த கிழக்குப் பகுதிகளில் கொண்டுபோய் நெருக்கி நட்டால் பூஞ்சை நோய் பற்றுகிறது. அடிக்கிளைகளின் உட்புறத்து இலைகள் பழுப்பேறி உதிரத் தொடங்கி, ஆண்டுக்கு ஆண்டு மேலே ஏறி, கடைசியில் தலையில் மட்டும் பச்சை மிஞ்சிய துடைப்பமாகிவிடுகிறது. அதே நீலச் சாயலை விரும்புவோர் கொலராடோ வெள்ளை ஃபிரை நடலாம். குத்தாத நீண்ட இலை. வெயிலையும் வறட்சியையும் பிற ஃபிர்களைவிட நன்றாகத் தாங்கும்.

ஸ்புரூஸுக்கு இடம் மாறினால் என்ன ஆகும் என்பதற்கு ஜெர்மனியைப் பார்க்கலாம். அங்கே மரத் தேவைக்காக நார்வே ஸ்புரூஸை அதன் இயல்பான குளிர் மலைகளுக்கு வெளியேயும் காடு காடாக நட்டு வைத்தார்கள். அதன் வேர் ஆழமாக இறங்குவதில்லை. 2018 முதல் வந்த வறட்சியில் மரங்கள் தளர்ந்தன. பட்டையைத் துளைக்கும் வண்டுகள் பெருகின. ஹார்ட்ஸ் மலைத்தொடரில் பச்சையாக இருந்த சரிவுகள் சாம்பல் நிறக் குச்சிகளாக நின்றன. ஆழமாக வேர்விடும் வெள்ளி ஃபிரை அந்நாட்டு வனத்துறையினர் இப்போது கூடுதலாகச் சேர்த்து நடுகிறார்கள். எங்கள் கட்சிக்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

ஆனால் எதிர்க்கட்சித் தோழியர் ஓர் இடத்தில் எங்கள் வாயை அடைத்துவிட்டார்கள். அது மண். டொரன்டோ பக்கம் பல இடங்களில் மண் கெட்டியான களி. தண்ணீர் தேங்கும் களிமண்ணில் ஃபிரின் வேர் அழுகிப் போகும். ஸ்புரூஸ் ஓரளவு தாக்குப் பிடிக்கும். பனிக்காலத்தில் சாலையில் உறைபனி இளக உப்புத் தூவுகிறார்கள். வண்டிச் சக்கரம் வாரி இறைக்கும் அந்த உப்பு நீர் பால்சம் ஃபிரைக் கருக்கிவிடும். நாங்கள் கோபித்துக்கொண்ட நீல ஸ்புரூஸோ அந்த உப்பையும் தாங்கி நிற்கிறதாம்! காற்றுத் தடுப்பாக நிலத்தின் எல்லையில் வரிசையாக நடவும் ஸ்புரூஸே ஏற்றது. பிள்ளைகள் பொறுக்கி விளையாட முழுக் காய் கிடைப்பதும் ஸ்புரூஸின் அடியில்தான். ஃபிரின் அடியில் வெறும் செதில்.

சிறிய இடத்துக்கென்றே சில ஸ்புரூஸ்களும் உண்டு. டிரினா ஆற்றுப் பக்கம் செர்பிய அறிஞர் பான்சிச் 1875-இல் கண்டறிந்த செர்பிய ஸ்புரூஸ், உயர்ந்தாலும் பக்கவாட்டில் அதிகம் பரவாமல் கோபுர ஊசி போல ஒல்லியாகவே நிற்கும். நகரத்துப் புகையையும் பொறுக்கும். 1904-இல் கனடாவின் ஆல்பர்ட்டாவில் கண்டெடுத்த குள்ள ஸ்புரூஸ் ஆண்டுக்கு 10 சென்டிமீட்டர்கூட வளர்வது அபூர்வம். வெயில் ஏறி வறண்ட இடத்தில் செஞ்சிலந்திப் பேன் பிடிப்பது அதன் குறை.

வீட்டுக்குள் வைக்கும் மரத்தைப் பொறுத்தவரை விவாதத்துக்கே இடமில்லை. வெட்டிய நார்வே ஸ்புரூஸ் சூடேற்றிய அறையில் சில நாளிலேயே இலை கொட்டும். மூன்று அரசர்கள் திருநாள் வருமுன் தரையெல்லாம் ஊசி. ஃபிர் இலையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். வெளியில், குளிரில் நிறுத்தும் மரம் வேறு கதை. நார்வே மக்கள் இரண்டாம் உலகப் போர்க்கால உதவிக்கு நன்றியாக 1947 முதல் ஆண்டுதோறும் லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்துக்கு அனுப்புவது ஸ்புரூஸ்தான். உரோமையில் புனித பேதுரு சதுக்கத்தில் 1982-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் தொடங்கி வைத்த வழக்கத்தில் ஃபிரும் ஸ்புரூஸும் மாறி மாறி இடம் பெறுகின்றன. தொட்டியோடு வாங்கி, விழா முடிந்ததும் தோட்டத்தில் நட விரும்புவோர் அதை ஒரு வாரத்துக்கு மேல் சூடான வீட்டுக்குள் வைக்கக் கூடாது. உறக்கத்திலிருக்கும் மரம் வசந்தம் வந்ததென்று விழித்துக்கொள்ளும். வெளியே எடுத்ததும் உறைபனியில் மாளும். பூமி இறுகுமுன் குழியையும் முன்கூட்டியே தோண்டி வைக்க வேண்டும்.

ஐரோப்பிய வீடுகளில் இன்று மிகவும் விரும்பப்படுவது நார்ட்மன் ஃபிர். டென்மார்க்கிலும் ஜெர்மனியிலும் வயல் வயலாகப் பயிரிடுகிறார்கள். விதை எங்கிருந்து வருகிறது? மிகுதியும் ஜார்ஜியா நாட்டின் மலைகளிலிருந்து, சிறப்பாக அம்ப்ரோலவுரி ஊரைச் சுற்றியுள்ள ராச்சா காடுகளிலிருந்து. ஃபிரின் காய் மரத்திலேயே உதிர்ந்துவிடும் என்றோமே, அதனால் கீழே கிடந்து பொறுக்க முடியாது. காய் சிதறுமுன், செப்டம்பர் மாதத்தில், 30 மீட்டர் உயர மரத்தின் உச்சிக்கு மனிதர் ஏறியே பறிக்க வேண்டும். காய்கள் இருப்பது உச்சியில்தான். பனையேறிகளைப் பார்த்து வளர்ந்த நமக்கு அதன் ஆபத்து புரியும். கயிறும் பாதுகாப்புக் கச்சையும் இல்லாமல் ஏறி, தவறி விழுந்து மாண்டவர்களும் உண்டு. இப்போது பயிற்சியும் கருவிகளும் தந்து ஏற்றுவோர் சிலர் வந்திருக்கிறார்கள். ஃபிர் கட்சிக்காரர்களாகிய எங்களுக்கு இச்செய்தி நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. எங்கள் கருத்து இதுதான்: அத்தகைய பாதுகாப்போடு எடுத்த விதையில் வளர்ந்ததா என்று கேட்டு வாங்க வேண்டும், அதற்காகச் சில டாலர் கூடினாலும் கொடுக்க வேண்டும்.

சித்தியின் பின்கட்டுத் தோட்டத்துக்கு நாங்கள் மனமாரச் சொல்வது கொரிய ஃபிர். மெதுவாக வளரும், ஆள் உயரம் வருமுன்பே ஊதா நிறக் காய்கள் கிளைமேல் வரிசையாக நிற்கும். இதன் வரலாறு நம் சிஸ்டர்களுக்கு மகிழ்ச்சி தரும். கொரியாவின் ஜேஜு தீவில் 1907-இல் இதன் கிளைகளைச் சேகரித்தவர்கள் பிரெஞ்சு நாட்டு வேதபோதகக் குருக்களான உர்பேன் ஃபோரி, எமில் தாக்கே என்ற இருவர். திருப்பலியும் ஞான உபதேசமும் போக மீதி நேரத்தில் மலையேறிச் செடி சேகரித்து ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். அந்தத் தீவில் மாண்டரின் ஆரஞ்சு மரங்களை 1911-இல் ஜப்பானிலிருந்து வரவழைத்து நட்டவரும் அருட்தந்தை தாக்கேதான்; இன்று ஜேஜு என்றாலே கொரியர்களுக்கு ஆரஞ்சு நினைவுக்கு வரும். அந்த ஃபிரைப் புதிய இனம் என்று 1920-இல் அறிவித்தவர் எர்னஸ்ட் வில்சன்.

உலகத் தோட்டங்களில் எல்லாம் பரவிய அந்த மரம் பிறந்த மலையில் இன்று அழியும் நிலையில் உள்ளது. ஹல்லாசான் மலையில் குளிர்காலப் பனி குறைந்து, வசந்தத்தில் மண் வறண்டு, சூறாவளியிலும் சாய்ந்து, ஃபிர்கள் வெள்ளை எலும்புக்கூடுகளாக நிற்கின்றன. தோட்டத்தில் ஒன்று வைத்துக்கொண்டால் இனம் பிழைத்துவிடும் என்று சிலர் வாதிட்டார்கள். எங்களுக்கு அதில் உடன்பாடில்லை. தோட்டத்து மரம் பெரும்பாலும் அழகுக்காகப் பொறுக்கி எடுத்த ஒரு சில மரங்களின் வழித்தோன்றல். மலைக்காட்டின் மரத்துக்கு மரம் மாறும் குணம் அதில் எங்கே இருக்கும்?

சித்திக்கு எழுதிய பதிலில் ஒரு சோதனையும் சொன்னோம். ஓர் அடி ஆழக் குழியில் தண்ணீர் நிரப்பி, வடிந்ததும் மறுபடி நிரப்ப வேண்டும். சில மணி நேரத்தில் வடிந்தால் கொரிய ஃபிர். மறுநாளும் நின்றால் மண்ணை மேடாக்கி அதில் ஃபிர், அல்லது வீண் பிடிவாதம் இல்லாமல் செர்பிய ஸ்புரூஸ். சாலையோரம் எதுவானாலும் பால்சம் ஃபிர் வேண்டாம்.

நம் நாட்டில் இவை இல்லையா என்றால், இமயத்தில் உண்டு. இமாசலப் பிரதேசத்திலும் காஷ்மீரிலும் 2,000 மீட்டருக்கு மேல் இரண்டும் காடாக வளர்கின்றன. முன்பு இமாசல ஆப்பிள் வந்த மரப்பெட்டிகள் பலவும் இந்த மரங்களை அறுத்துச் செய்தவையே. பின்னர் அட்டைப் பெட்டி வந்து அம்மரங்களைக் காத்தது. நம் சமவெளியிலோ இவற்றை வளர்க்க முடியாது. ஆண்டுதோறும் உறங்கி எழ இவற்றுக்குக் கடுங்குளிர் வேண்டும்.

அதனால் நம் ஆலயங்களில் சவுக்கு நிற்கிறது. அதன் 'இலை'யைக் கணுவில் பிரித்து, மறுபடி பொருத்தி, "எங்கே ஒடித்தேன், சொல்" என்று விளையாடாதவர் உண்டா? அது உண்மையில் இலையன்று, மெல்லிய பச்சைக் கிளை. இலைகள் கணுக்களில் செதிலாக ஒட்டியிருக்கும். சவுக்கு ஊசியிலை மரக் குடும்பமே அல்ல. ஆயினும் விறகுக்கும் கட்டடச் சாரத்துக்கும் எப்படியும் வெட்டப் போகும் மரத்தின் ஒரு கிளையை ஆலயத்தில் நிறுத்துவதில் எங்களுக்கு ஒரு குறையும் தெரியவில்லை. வாசமும் நன்றாக இருக்கிறது.

நாற்றுப் பண்ணைகளில் 'கிறிஸ்மஸ் மரம்' என்று தொட்டியில் விற்பது அரோகேரியா. அது பசிபிக் தீவுகளுக்கு உரியது. கேப்டன் குக் 1774-இல் நியூ கலிடோனியாவிலும் நார்ஃபோக் தீவிலும் கண்ட மரங்களின் இனம். பெற்றோர் சிலர் அதை விழா முடிந்ததும் சுற்றுச்சுவர் ஓரமாக இறக்கி நட்டு விடுகிறார்கள். சொந்த மண்ணில் 50 மீட்டர் உயரும் மரம் அது. நம் ஊரிலும் மாடி வீட்டைத் தாண்டி வளர்ந்ததை எத்தனையோ தெருக்களில் காணலாம். தொட்டியிலேயே வைத்திருந்தால் பல ஆண்டு அளவாக நிற்கும். மண்ணில் இறக்கித்தான் ஆக வேண்டும் என்றால், சுவரிலிருந்து 20 அடியாவது தள்ளி, மேலே மின்கம்பி போகாத மூலையாகப் பாருங்கள்.